கலியாணக் கார்ட்டில் ஒரு போதகர்

"தம்பதிகளாம்! தம்பதிகள்!"

ஷிரோமி போட்ட சத்தத்தில், கண்ணாடிக்கு முன்னால் சேலையைத் தோளில் போட்டு அழகு பார்த்துக்கொண்டிருந்த வாடிக்கைக்காரி முந்தானையைக் கைவிட்டுவிட்டாள். கடையில் வேலை செய்யும் அஜந்தா, கார்ட் பெட்டியைப் பிரித்த கத்தியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள், ஏதோ தானே தப்புச் செய்துவிட்டதைப் போல.

"ஏன் பிள்ளை, எழுத்துப் பிழை ஏதும் கிடக்கோ?" என்று கேட்டுக்கொண்டே கல்லாவிலிருந்து எழுந்து வந்தார் ஞானமலர். பிரெஞ்சுத் தலைநகரில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் இருக்கும் இந்தச் சேலைக்கடை அவருடையது. ஷிரோமி அவருடைய ஒரே மகள். "அச்சுக்காரப் பெடியனுக்குப் படிச்சுப் படிச்சுச் சொன்னனான், ஒண்டுக்கு ரெண்டு தரம் பார் எண்டு."

"எழுத்திலை பிழை இல்லை அம்மா. எழுதினதே பிழை."

அரக்குச் சிவப்பில் கலியாணக் கார்ட். மேலே பொன்னிறத்தில் திருக்குடும்பத்தின் படம். கீழே பெண் வீட்டு விவரம் ஒழுங்காகத்தான் இருந்தது: காலஞ்சென்ற செபஸ்தியாம்பிள்ளை, ஞானமலர் தம்பதிகளின் ஏக புத்திரி. மாப்பிள்ளை வீட்டு விவரம்தான் ஷிரோமியின் கண்ணைக் குத்தியது.

'ஸ்கொட்லாந்தைப் பிறப்பிடமாகவும் அமெரிக்காவின் கரோலினாவை வதிவிடமாகவும் கொண்ட, காலஞ்சென்ற வணக்கத்துக்குரிய போதகர் ஆர்ச்சிபால்ட் மக்ரோரி – டைனா மக்ரோரி தம்பதிகளின் வழித்தோன்றலாகிய திருநிறைச்செல்வன் ஜெரமிக்கும்...'

"வடிவாத்தானே கிடக்கு," என்றார் ஞானமலர்.

"வடிவோ? அம்மா, அந்த டைனா போதகருக்குப் பெண்சாதி இல்லை. அவன் சந்தையிலை வாங்கின பொம்பிளை. நான் உங்களுக்குச் சொன்னனான்."

"சொன்னனீ, சொன்னனீ. அது அந்தக் காலம். இப்ப சத்தம் போடாதை, ஆக்கள் நிக்கினம்."

வாடிக்கைக்காரி சேலையை மடிக்காமலேயே வைத்துவிட்டு வெளியேறினாள். அவளுக்கும் விஷயம் முழுதாகக் கேட்க ஆசைதான். ஆனால் ஷிரோமியின் முகத்தைப் பார்த்த பிறகு நிற்கத் துணிவில்லை.

இந்த விவகாரம் தொடங்கியது ஷிரோமியின் மாமா றெமிஜியஸால். புறநகரான ஒபர்வில்லியேயில் மளிகைச் சாமான் களஞ்சியம் வைத்திருக்கும் பெரிய மனிதர்; ஞானமலருக்கு அண்ணன். ஷிரோமியின் அப்பா இறந்த பிறகு, கோயிலில் அவள் கையைப் பிடித்துப் பீடம் வரை அழைத்துப்போக வேண்டியவர் அவர்தான். அந்த ஒரு உரிமையை வைத்துக்கொண்டு மனிதர் குடும்பத்தையே ஆட்டிவைத்தார்.

ஜெரமி அமெரிக்கன். மெற்றோ சுரங்கங்களுக்குக் காற்றோட்டம் அமைக்கும் பொறியியலாளன். கறுப்பினத்தவன். இந்தக் கடைசி விஷயம் ஒன்றுதான் றெமிஜியஸின் காதில் விழுந்தது.

"கறுப்பனுக்கோ பிள்ளையைக் குடுக்கப்போறாய், தங்கச்சி?"

"மாமா, உங்கடை வீட்டிலை கண்ணாடி இல்லையோ?" என்று ஷிரோமி கேட்டாள். அந்தக் கேள்விக்காக அவர் இரண்டு கிழமை அந்த வீட்டுப் பக்கம் வரவில்லை. பிறகு வந்து, சமாதானம் பேசுவதுபோல் ஒரு நிபந்தனையை எடுத்து மேசையில் வைத்தார்.

"சரி, கட்டட்டும். ஆனால் ஆக்கள் ஆரெண்டு விசாரிக்காமல் நான் கோயில் படி ஏறமாட்டன். நாங்கள் அடிமை குடிமை வைச்சு வேலை வாங்கி வாழ்ந்த ஆக்கள். ஊரிலை எண்டால் ஒராளை விட்டு விசாரிப்பம். இஞ்சை ஆரைக் கேக்கிறது? இவள் செய்யிற வேலையே உதுதானே. இவளே விசாரிக்கட்டும்."

அது உண்மைதான். ஷிரோமி வேலை செய்வது வாரிசு தேடும் ஓர் அலுவலகத்தில். யாருமில்லாமல் இறந்துபோனவர்களுக்கு எங்கோ ஒரு மூலையில் இருக்கும் சித்தப்பா மகனையோ பேத்தியையோ கண்டுபிடித்துக் கொடுப்பார்கள். ஆனால் கட்டப்போகிறவனின் குலத்தை விசாரிக்க அந்தத் திறமையைக் கேட்டதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முடியாது என்று சொல்லத்தான் ஜெரமியிடம் போனாள். அவனோ சிரித்தான்.

"செய்," என்றான். அவர்கள் இருவரும் பேசுவது பிரெஞ்சில். "உன் மாமாவுக்காக வேண்டாம். எனக்காகச் செய். பாட்டனுக்கு அப்பால் எங்கள் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. மக்ரோரி என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்றுகூடத் தெரியாது."

அப்படித்தான் அவள் இறங்கினாள். கரோலினாவில் இருக்கும் ஜெரமியின் அக்கா தேவாலயம் தேவாலயமாக அலைந்தாள். ஷிரோமி இங்கிருந்து வழிகாட்டினாள். பேரனிலிருந்து பாட்டனுக்கு, பாட்டனிலிருந்து பூட்டனுக்கு என்று ஏணியில் இறங்குவதுபோல் இறங்கினார்கள். அடிமைத்தனம் ஒழிந்த வருடத்தோடு ஏணி முடிந்துபோனது. அதற்கு முந்தியவர்களுக்குக் குடும்பப் பெயரே இல்லை. சொத்துப் பட்டியலில் ஆடு மாடோடு சேர்த்து எழுதப்பட்டிருந்தார்கள். ஆகவே அப்படி எழுதிய எஜமானைத் தேடினார்கள். அப்போது வெளியில் வந்தவர்தான் போதகர் ஆர்ச்சிபால்ட் மக்ரோரி. பிரிட்டிஷ் அரசன் ஆண்ட காலத்தில் ஸ்கொட்லாந்திலிருந்து கப்பலேறி, கடலோர ஊரொன்றில் சபை நடத்தியவர். அவர் வீட்டில் டைனா என்ற அடிமைப் பெண். அவளுக்கு ரேச்சல் என்று ஒரு மகள். ரேச்சலின் வழியில் வந்தவன் ஜெரமி.

ரேச்சலின் முகம் போதகரின் முகத்தை உரித்து வைத்ததுபோல் இருக்கிறது என்று சபை மூப்பர்களில் ஒருவர் முறைப்பாடு செய்திருந்தார். மற்ற மூப்பர்கள் கூடிப் பேசி, அதைப் பற்றிப் பேசாமலிருப்பது என்று முடிவெடுத்தார்கள். ஸ்கொட்லாந்தில் இன்றும் இருக்கும் மக்ரோரிகளோடு ஜெரமியின் அக்காவின் எச்சிலில் செய்த மரபணுப் பரிசோதனை ஒத்துப்போனபோது, மூப்பர்கள் மூடிவைத்தது திறந்துகொண்டது.

ஷிரோமி ஜெரமிக்கு ஒரு வம்ச வரைபடம் போட்டுக் கொடுத்தாள். அவளுடைய அலுவலகத்தில் ஒரு கண்டிப்பான வழக்கம் உண்டு: கலியாணம் நடந்ததற்குச் சான்று இல்லாமல் இரண்டு பேரைக் கோடு போட்டு இணைக்கக் கூடாது. ஆகவே உச்சியில் போதகரின் பெயர் ஒரு பக்கம், டைனாவின் பெயர் மறுபக்கம். நடுவில் கோடு இல்லை.

அம்மா அந்த வரைபடத்தைக் கைபேசியில் படம் பிடித்து அச்சுக்காரனுக்கு அனுப்பிவிட்டார். உச்சியில் ஆண் பெயரும் பெண் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், ஒரு யாழ்ப்பாணத்து அம்மாவுக்கு அது தம்பதிகள்தான். வேறென்னவாக இருக்க முடியும்?

"அம்மா, அண்டைக்கு மத்தியானச் சாப்பாட்டிலை நான் என்ன சொன்னனான்?" ஷிரோமி விடவில்லை.

"போதகற்றை பரம்பரை எண்டு சொன்னனீ."

"அதுக்குப் பிறகு?"

"அதுக்குப் பிறகு மாமா கனடாவுக்கு ஃபோன் எடுத்திட்டார்."

அதுதான் நடந்தது. 'ஸ்கொட்லாந்துப் போதகர்' என்ற இரண்டு சொற்களிலேயே றெமிஜியஸ் எழுந்து நின்றுவிட்டார். நேற்று வரை கறுப்பனாக இருந்தவன், ஆட்டுக்கறிக் குழம்பு ஆறுவதற்குள் வெள்ளைக்காரப் பாதிரியின் பேரனாகிவிட்டான். டைனா அடிமை என்று ஷிரோமி மேசையில் தட்டித் தட்டிச் சொன்னாள். கனடாவில் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லை என்று மாமா கையைக் காட்டி அடக்கினார். மிச்சக் கதையைச் சொல்ல அவளுக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

கதவு மணி அடித்தது. ஜெரமி வந்தான். கலியாணத்துக்குப் போடும் கோட்டை அளவு பார்க்க இன்றைக்கு வரச்சொல்லி அம்மாதான் கூப்பிட்டிருந்தார்.

"போன்சூர் மாமி!" என்றான். பிறகு தனக்குத் தெரிந்த தமிழைக் கொட்டினான்: "சுகமோ? ஓம். நல்லது. போதும்."

அஜந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. "நல்ல காலம், கேள்வியும் தானே, பதிலும் தானே."

அவன் பெட்டியைப் பார்த்துவிட்டான். ஒரு கார்ட்டை இரண்டு கைகளாலும் எடுத்தான். பொன்னெழுத்தை விரலால் தடவினான். "இதில் டைனாவின் பெயர் இருக்கிறதாமே! உன் மாமா சொன்னார். எது? காட்டு."

ஷிரோமி காட்டினாள். அவன் அந்த இரண்டு எழுத்துக்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"டைனா," என்று சொல்லிப் பார்த்தான். "அக்காவுக்குப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். அழுவாள். சரி, முழுதாக என்ன எழுதியிருக்கிறது? மொழிபெயர்."

வழக்கமாக எழுதுவதுதான் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. கலியாணம் முடியும், கார்ட் குப்பைக்குப் போகும், ஒருவருக்கும் ஒரு நட்டமும் இல்லை. அம்மாவின் கண்களும் அதைத்தான் கெஞ்சின. ஆனால் மூப்பர்களும் இப்படித்தானே முடிவெடுத்தார்கள் என்ற நினைப்பு வந்ததும் ஷிரோமி கார்ட்டைத் தன் பக்கம் திருப்பினாள். சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தாள்.

"கணவன் மனைவி என்றா?" ஜெரமி கேட்டான்.

"ஓம்."

"மனமொத்து வாழ்ந்தவர்கள் என்றா?"

"எங்கள் ஆட்களுக்கு அப்படித்தான் படும்."

அவன் கார்ட்டைக் கவிழ்த்து வைத்தான். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"அவள் பெயர் முதல் தடவையாக ஒரு நல்ல காரியத்தில் அச்சேறுகிறது. அதுவும் அவனுடைய பெண்டாட்டியாக. உன் அம்மா மேல் எனக்குக் கோபமில்லை, ஷிரோமி. ஆனால் இந்தக் கார்ட் ஊருக்குப் போனால் நான் அந்தக் கோயிலுக்குள் வரமாட்டேன். நீ வேண்டும். இந்தப் பொய் வேண்டாம்."

"என்ன சொல்லுறான்?" ஞானமலர் பதறினார். "வரமாட்டானோ? ஜெரமி, மண்டபம் புக் பண்ணியாச்சு மகன்! சமையலுக்குச் சொல்லியாச்சு!"

அந்த நேரம் பார்த்துத்தான் வெளியே தெருவை அடைத்துத் தன் வான் வண்டியை நிறுத்திவிட்டு றெமிஜியஸ் உள்ளே நுழைந்தார். பின்னால் நின்ற கார்கள் ஹோர்ன் அடித்தன. அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

"என்ன மருமோன், கார்ட் எப்பிடி? கனடா, லண்டன் எல்லாம் வாட்ஸ்அப்பிலை போட்டாச்சு. சனம் வாயைப் பிளந்துகொண்டு நிக்குது. வானிலை ஒரு கட்டுக் கிடக்கு, ஞாயிறு பூசை முடியக் கோயில் வாசல்லையே குடுத்து முடிக்கிறன்."

"ஒருத்தருக்கும் குடுக்க வேண்டாம் மாமா," என்றாள் ஷிரோமி. "உந்தக் கார்ட் பிழை. டைனா அவனுக்கு அடிமை. அவளிட்டை ஒருத்தரும் சம்மதம் கேக்கேல்லை. அவளைப் போய் அவனோடை சோடி சேர்த்து அச்சடிச்சு வைச்சிருக்கிறியள்."

றெமிஜியஸ் கையை வீசினார். "உதெல்லாம் ஒரு கதையே? அந்தக் காலத்திலை எல்லா இடமும் உப்பிடித்தான். நாங்களும் அடிமை குடிமையோடை வாழ்ந்த ஆக்கள்தானே."

ஜெரமி அவளைப் பார்த்தான். அவள் மொழிபெயர்த்தாள், ஒரு சொல் விடாமல்.

"அப்படியா?" என்றான் ஜெரமி. றெமிஜியஸைப் பார்த்து மரியாதையாக, நிதானமான பிரெஞ்சில் கேட்டான்: "அவர்களுடைய பெயர்கள் என்ன?"

"ஆரின்ரை?"

"உங்கள் வீட்டு அடிமைகளின்."

றெமிஜியஸ் சிரித்தார். தங்கையைப் பார்த்தார். அஜந்தாவைப் பார்த்தார். ஒருவரும் கூடச் சிரிக்கவில்லை. "அவையின்ரை பேர் இப்ப ஆருக்குத் தெரியும்?" என்றார்.

"போதகரின் சபையிலும் இதைத்தான் சொன்னார்கள்," என்றான் ஜெரமி.

வெளியே ஹோர்ன் சத்தம் கூடியது. றெமிஜியஸின் முகம் கறுத்தது. "இவன் எனக்குப் பாடம் எடுக்கிறானோ? தங்கச்சி, கேட்டியே?"

ஞானமலர் நடுவில் புகுந்தார். "பொறுங்கோ அண்ணை. ஷிரோமி, நான் ஒண்டு சொல்லுறன். சரி, கலியாணம் கட்டேல்லை. பாவம்தான். அந்தப் பொம்பிளைக்காக நான் மெழுகுதிரி கொளுத்துறன். எண்டாலும் அவன் தகப்பன் தானே? தகப்பன் பேர் இல்லாமல் கார்ட் அடிச்சால் சனம் என்ன கதைக்கும்? பிறப்பே சரியில்லை எண்டெல்லோ கதைக்கும்? நான் மருமோன்ரை மானத்தைக் காப்பாத்தத்தான் போட்டனான்."

அம்மா நல்லெண்ணத்தில்தான் செய்திருக்கிறார் என்பது ஷிரோமிக்கு அப்போதுதான் உறைத்தது. கோபம் தணியவில்லை, திசை மாறியது. அவள் அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"அண்டைக்கு நான் சொல்லி முடிக்கேல்லை. இப்ப கேளுங்கோ. ரேச்சல் பிறந்த உடனை ஞானஸ்நானம் குடுத்திருக்கு. தாய் எண்ட இடத்திலை டைனா எண்டு எழுதியிருக்கு. தகப்பன் எண்ட இடத்திலை ஒண்டும் இல்லை. வெறும் இடம்."

"ஆர் ஞானஸ்நானம் குடுத்தது?"

"அவன்தான் அம்மா. போதகர். தன்ரை கையாலை தண்ணி ஊத்தி, தன்ரை கையாலை எழுதினவன்."

ஞானமலரின் கை தன்னையறியாமல் நெற்றிக்குப் போய்ச் சிலுவை அடையாளம் போட்டது. பாதியில் நின்றது. "சொந்தப் பிள்ளையின்ரை தலையிலை தண்ணியை ஊத்திப்போட்டோ?"

"ஓம்."

"தகப்பன் ஆரெண்டு எழுதேல்லையோ?"

"எழுதேல்லை. இன்னும் இருக்கு. அவனுக்கு முறையாக் கட்டின ஒரு பெண்சாதியும் இருந்தவ. அவவிலை ஒரு மகள். அந்த மகளுக்குக் கலியாணம் நடக்கேக்கை தகப்பன் சீதனம் குடுத்தவன். கட்டில், வெள்ளிச் சாமான், குதிரை. அதோடை ரேச்சல்."

"ரேச்சல் என்ன?"

"சீதனம்."

சாமான் அடுக்கிய தட்டுகளை அம்மா திரும்பிப் பார்த்தார். அவருக்குப் பின்னால்தான் ஷிரோமிக்கென்று எடுத்து வைத்த கூறைச் சேலை, கண்ணாடிக் காகிதத்தில் சுற்றியபடி கிடந்தது.

"அப்ப அந்த மணப்பொம்பிளைக்கு ரேச்சல்..." ஞானமலர் மெதுவாகக் கணக்குப் போட்டார்.

"தங்கச்சி."

"தங்கச்சியை அக்காவுக்குச் சீதனமாக் குடுத்தவனோ?"

"ஓம் அம்மா."

"அக்காக்காரிக்குத் தெரியுமோ?"

"ஊருக்கே முகத்திலை தெரிஞ்சது. அவவுக்குத் தெரியாமல் இருக்குமோ? தலைமயிர் வாரி இழுத்துவிடவும் கால் பிடிச்சுவிடவும் வைச்சிருந்தவ."

றெமிஜியஸ் தொண்டையைச் செருமினார். "சரி, சரி, பழைய கதை. இப்ப என்ன செய்யிறது, கார்ட் அடிச்சாச்சு. சனத்துக்கு உதெல்லாம் தெரியவோ போகுது? போதகர் எண்ட பேருக்கு ஒரு மதிப்பு இருக்குத்தானே."

ஞானமலர் எழுந்தார். ஷிரோமி தன் அம்மா வாடிக்கைக்காரர்களோடு பேரம் பேசிச் சண்டை போடுவதைப் பார்த்திருக்கிறாள். கடை வாடகைக்காக வீட்டுக்காரனோடு கத்துவதைப் பார்த்திருக்கிறாள். இந்த முகத்தை அவள் பார்த்ததில்லை.

"அண்ணை, வானிலை கிடக்கிற கட்டைக் கொண்டாங்கோ."

"ஏன்?"

"கொண்டாங்கோ எண்டுறன்! பெத்த பிள்ளையைச் சாமானோடை சாமானாக் கட்டிக் குடுத்த மூதேசியின்ரை பேரை என்ரை பிள்ளையின்ரை கலியாணத்திலை கொண்டுவந்து வைச்சிருக்கிறியள். அதுவும் மாதா படத்துக்குக் கீழை!"

"நானோ வைச்சனான்? நீதானே அச்சுக்குக் குடுத்தனீ!"

"ஓம், நான்தான். அதாலைதான் நானே எடுக்கிறன். ஆக்களை விசாரி, விசாரி எண்டு நிண்டது நீங்கள். விசாரிச்சாச்சு. ஆர் நல்ல ஆக்கள், ஆர் கெட்ட ஆக்கள் எண்டு இப்ப வடிவாத் தெரிஞ்சுபோச்சு. பிறகென்ன?"

"தங்கச்சி, யோசிச்சுக் கதை." றெமிஜியஸ் தன்னுடைய கடைசி ஆயுதத்தை எடுத்தார். "உப்பிடி என்னைச் சபையிலை குறைச்சால், பிள்ளையின்ரை கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போக நான் வரமாட்டன்."

"அவளின்ரை கையைப் பிடிக்க எனக்குக் கையில்லையோ?"

வெளியே யாரோ வானின் பக்கக் கதவில் ஓங்கி அடித்தார்கள். அது றெமிஜியஸுக்கு வசதியாகப் போயிற்று. "வாறன், வாறன், விசர்ப் பெடியள்!" என்று பிரெஞ்சிலும் தமிழிலும் கத்திக்கொண்டே போனார். சற்று நேரத்தில் கார்ட் கட்டு கடை வாசலில் பொத்தென்று விழுந்தது. வான் உறுமிக்கொண்டு மார்க்ஸ் டோர்மோய் தெருப் பக்கம் கிளம்பியது.

"கட்டு அவிழ்த்திருக்கு அக்கா," என்றாள் அஜந்தா குனிந்து பார்த்துவிட்டு. "கொஞ்சம் குடுத்திட்டார் போலை."

"ஆர் ஆருக்கெண்டு எனக்குத் தெரியும். அண்ணையின்ரை கூட்டாளியள் எல்லாரும் என்னட்டைத்தான் சேலை எடுக்கினம். நான் போய் வாங்குறன்."

ஜெரமி நடந்தது பாதி புரிந்தும் பாதி புரியாமலும் நின்றான். ஷிரோமி சுருக்கமாகச் சொன்னாள். அவன் ஞானமலரிடம் போய் எதையோ சொல்ல முயன்றான். தமிழும் வரவில்லை, பிரெஞ்சும் வரவில்லை. ஞானமலர் அவனுக்கு வாய் திறக்க இடம் கொடுக்காமல் கோட்டை எடுத்து அவன் தோளில் மாட்டிவிட்டார்.

"கையைத் தூக்கு மகன். அளவு பாக்கவெல்லோ வந்தனீ. ஐயோ, தோள்மூட்டு இறுக்கமாக் கிடக்கு. அஜந்தா, ஊசி எடு."

ஊசியை வாயில் கவ்விக்கொண்டே கைபேசியை எடுத்து அச்சுக்காரனுக்கு அழைத்தார். ஒலிபெருக்கியில் போட்டார். அவருடைய இரண்டு கைகளும் மருமகனின் தோளில் இருந்தன.

"தம்பி, கார்ட் திரும்ப அடிக்கவேணும். ஓம், எல்லாம்தான். மாப்பிள்ளை பக்கத்தை மாத்து. எழுது: கரோலினாவைச் சேர்ந்த காலஞ்சென்ற டைனா அவர்களினதும், அவரது மகள் காலஞ்சென்ற ரேச்சல் அவர்களினதும் வழித்தோன்றல். அவ்வளவுதான்."

மறுபக்கத்தில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. நின்றது.

"அக்கா, அந்தப் போதகர்? தகப்பன் பேர் இல்லாமல் கார்ட் அடிக்கிறேல்லையே. சனம் என்னைத்தான் பிழை சொல்லும், தம்பி மறந்துபோனான் எண்டு."

ஞானமலர் வாயிலிருந்த ஊசியை எடுத்துக் கோட்டின் தோளில் குத்தினார்.

"ஞானஸ்நானப் புத்தகத்திலை அவன் தன்ரை பேரை எழுதேல்லை, தம்பி. கார்ட்டிலை நான் ஏன் எழுதவேணும்?"